மனுப்பை கைமாறிய திங்கட்கிழமை

போன திங்கட்கிழமை நான் ராமநாதபுரம் பஸ் ஏறவில்லை. பல வருடமாகத் திங்கள் என்றாலே எனக்குக் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்தான். தங்கச்சிமடத்தில் ஏறி, தாங்கு கருவியான காலிப்பர் போட்ட காலை ஓரமாக நீட்டி, மடியில் மனுப்பை. இப்போது கால் அல்ல, தோள்தான் தகராறு. ஊன்றுகோல் தேய்த்த தோள்.

பையைப் பக்கத்துத் தெருப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் வைத்திருக்கிறாள். “நீங்க வராம நான் என்ன மாமா பேசுவேன்?” என்றாள். பேச்சு தானாக வரும், முதலில் கணக்கைப் படி என்றேன். 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள், 2016 சட்டத்தில் 21. தலசீமியா என்ற ரத்தக் கோளாறும் அதில் உண்டு என்பது பல தாய்மார்களுக்கே தெரியாது.

அப்புறம் சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். ஓர் அலுவலகத்தில் 2 அடிப் படிக்கு 6 அடியில் கட்டிவிட்டு ‘வசதி உள்ளது’ என்று எனக்குப் பதில் போட்டார்கள். கருவாட்டுக் கூடையை வேண்டுமானால் அதில் உருட்டிவிடலாம். நான் அன்று கத்தினேன். இவளோ டேப்பால் அளந்து, அளவை மனுவிலேயே எழுதிவிட்டாள். எனக்குத் தோன்றவே இல்லை, சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான்.

பாம்பன் பாலத்தில் காற்றடித்தால் மெதுவாகப் போ என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். மதியம் ரசீதைப் படமெடுத்து அனுப்பினாள். மனு எண்ணைக் குறித்துக்கொள் என்றேன்.

“குறிச்சாச்சு மாமா. நீங்க தூங்குங்க.”

படுத்தேன். தூக்கம் வரவில்லை.