மாடல் டி-யா, 59 காடிலாக்கா?

இரண்டும் அமெரிக்கக் கார்கள்தான், ஆனால் வேறு வேறு உலகம். ஃபோர்டு மாடல் டி-யில் (1908-1927) மூன்று பெடல். நடுப்பெடல் ரிவர்ஸ், வலதுபக்கம் பிரேக். ஆக்சிலரேட்டர் கையில், ஸ்டீயரிங்குக்குக் கீழே! பெட்ரோலுக்குப் பம்ப் கிடையாது. சீட்டுக்கு அடியில் உள்ள டேங்கிலிருந்து தானாக எஞ்சினுக்கு வடிய வேண்டும். டேங்கில் கொஞ்சமாக இருக்கும்போது செங்குத்தான மேடு வந்தால் எஞ்சினுக்கு எட்டாது. அப்புறம் என்ன, வண்டியைத் திருப்பி ரிவர்ஸிலேயே மேடு ஏற்றுவார்கள்; அப்போது டேங்க் எஞ்சினைவிட உயரத்தில் இருக்கும். வெறும் 20 குதிரைத்திறன். அப்படியும் ஒன்றரைக் கோடி கார்கள் தயாராகின.

1959 காடிலாக்? 18 அடிக்கு மேல் நீளம், 6.4 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின். பின்னால் ராக்கெட் மாதிரி நிமிர்ந்த, மீன்துடுப்பு வடிவத் தகடு, அதில் இரட்டைச் சிவப்பு விளக்கு. எல்லாம் பந்தாதான், அழகான பந்தா.

சும்மா கொடுத்தாலும் நான் டி-யைத்தான் எடுப்பேன். அந்தக் காடிலாக்கை எங்கே நிறுத்துவது!