ஏறாதவனும் ஏறியவனும்

டிக்கெட் கவுன்டருக்குள் கையை நீட்டும் வெளியூர்க்காரர்களில் பாதிப் பேர் காசைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வியைக் கொடுப்பார்கள். “சார், கமல் குரங்கு வித்தை காட்டுவாரே, அது எந்த இடம்?”

நீலகிரி மலை ரயில் பாதையில் உள்ள கேத்தி நிலையத்தில் நான் இருந்த ஒன்பது ஆண்டுகளில் இந்தக் கேள்விக்கு எத்தனை முறை பதில் சொல்லியிருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. முதல் வருடம் எரிச்சலாக இருந்தது. பின்னால் வரிசை நிற்கிறது, இவர் சினிமா பேசுகிறார் என்று தோன்றும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவன் நான். குளிருக்குப் பழகவே ஆறு மாதம் பிடித்தது, சினிமாவுக்குப் பழக அதைவிடக் கூடுதல்.

‘மூன்றாம் பிறை’ 1982-இல் வந்த படம். அதன் கடைசிக் காட்சி எங்கள் நடைமேடையில் எடுக்கப்பட்டது. விபத்தில் பழைய நினைவு போய், மனதளவில் குழந்தையாகிப்போன விஜியை வைத்துக் காப்பாற்றுகிறான் பள்ளி ஆசிரியர் சீனு. கமல்தான் சீனு. வைத்தியத்தில் அவளுக்கு நினைவு திரும்புகிறது, இவனோடு இருந்த நாட்கள் மட்டும் போய்விடுகின்றன. ரயில் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவளிடம், தன்னை நினைவுபடுத்த அவன் குரங்கு வித்தையெல்லாம் காட்டிப் படாத பாடு படுகிறான். வண்டி போய்விடுகிறது. படம் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

என் எரிச்சலைத் தீர்த்தவர் தண்டவாளம் மாற்றிவிடும் எங்கள் பாயிண்ட்ஸ்மேன். இந்த மலையின் படகர் சமூகத்தவர், பக்கத்து ஹட்டிக்காரர் (படகர் ஊரை ஹட்டி என்பார்கள்), என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணா என்பேன், அவர் பதிலுக்கு சார் என்பார். ஒரு மத்தியான வேளை, வண்டி கிளம்பிப் போன பிறகு கொடியைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: “சார், அவன் ஏன் வண்டியில் ஏறவில்லை?”

எனக்குச் சட்டென்று புரியவில்லை. “யார்?”

“அந்த வாத்தியார்தான். இப்போது போனதே, பார்த்தீர்கள் இல்லையா? கார்டு கொடி காட்டி, விசில் கொடுத்து, பெட்டி அசைந்து வேகம் எடுப்பதற்குள் ஒரு பீடி பற்றவைத்து இரண்டு இழுப்பு இழுத்துவிடலாம். அவன் கூடவே ஓடுகிறான். ஏறியிருக்கலாமே!”

அவர் சொன்னது கணக்குப்படி சரி. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரத்தில் ஏறும்போது இந்த வண்டியின் வேகம் மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டரைத் தாண்டாது. பல்சக்கரம் இல்லாத எங்கள் பகுதியிலும் முப்பதுதான் உச்சம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டர் ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம். கிளம்பும் வண்டியில் கிழவிகள் கூடை சகிதம் தொற்றிக்கொள்வதை நானே தடுத்துத் திட்டியிருக்கிறேன்.

“விழுந்து அடிபட்ட கால், அண்ணா. நொண்டிக்கொண்டுதானே ஓடுகிறான்” என்றேன்.

“கால்தானே நொண்டி. கம்பியைப் பிடிக்கக் கை இருக்கிறது.”

எனக்குப் பதில் இல்லை. கதைக்காக அப்படி வைத்திருக்கிறார்கள் என்று மழுப்பினேன். அது சோம்பேறிப் பதில் என்று அப்போதே தெரிந்தது. பாத்திரம் ஒன்றைச் செய்யாமல் விட்டால் காரணத்தைப் பாத்திரத்திடம்தான் தேட வேண்டும். எடுத்தவர் தலையில் கட்டிவிட்டுப் போவது பரீட்சைக்கு எழுதுபவன் வேலை.

அன்றிலிருந்து நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டுத் திருப்பிக் கேட்க ஆரம்பித்தேன். “இதோ, அந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில்தான். அவன் ஏன் ஏறவில்லை, சொல்லுங்கள் பார்ப்போம்.” கூட்டம் இல்லாத நேரத்தில் மட்டும்தான். பெரும்பாலானவர்கள் சிரித்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். சிலர் நின்றார்கள்.

கேரட் மூட்டையோடு உதகைச் சந்தைக்குப் போகும் அம்மா ஒருவர், மூட்டையை இறக்காமலே சொன்னார்: “ஏறி உட்கார்ந்தால் எதிரே அவளைப் பெற்றவர்கள். நீ யார் என்று கேட்பார்கள். என்ன சொல்வான்? அப்பனா, புருஷனா, வாத்தியாரா?” சில்லறையை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். நான் அந்த வாரம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக அவளே ‘நீயா!’ என்று கேட்டால் அவன் உள்ளே போகலாம். அவள் கேட்காதவரை அவனிடம் இருக்கும் டிக்கெட் செல்லாது.

கோயம்புத்தூரிலிருந்து வந்த நர்ஸிங் மாணவி ஒருத்தி இன்னொரு பக்கத்தைப் பிடித்தாள். எல்லோரும் அவனுக்காகவே அழுகிறீர்களே என்றாள். அந்தப் பெண்ணுக்கு நோய் தீர்ந்துவிட்டது, பெற்றவர்களோடு வீட்டுக்குப் போகிறாள், வழியில் பைத்தியக்காரன் போல ஒருவன் கூத்தாடுவதைப் பார்த்துப் பசி என்று எண்ணிச் சாப்பாட்டைப் போடுகிறாள். “அவள் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் இது சுபம் போட்டு முடிய வேண்டிய படம் சார்.” வாதம் எனக்குப் பிடித்தது. ஆனாலும் அடுத்த முறை பார்த்தபோது கண் கலங்கியது அவனுக்காகத்தான். மூளை ஒப்புக்கொண்டதைக் கண் ஒப்புக்கொள்ளவில்லை.

‘கண்ணே கலைமானே’ பாட்டைப் பற்றியும் பேச்சு வரும். கண்ணதாசன் எழுதிய கடைசித் திரைப்பாடல் அது. அவர் 1981 அக்டோபரில் காலமானார், படம் வெளியானது அடுத்த ஆண்டு. இது தெரிந்தவர்கள், தன்னை மறக்க வேண்டாம் என்று பாட்டில் வருவதைக் கவிஞர் நம்மிடமே விடைபெற்றதாகச் சொல்லி உருகுவார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. சாவு பிறகு வந்தது. பாட்டு அந்தச் சூழலுக்காக எழுதப்பட்டது. அவள் மறக்கப்போகிறாள் என்பது அந்த நேரம் அவனுக்குத் தெரியாது, எழுதியவருக்குத் தெரியும். பாட்டின் வலி இந்த இடைவெளியில் இருக்கிறது. கவிஞரின் மரணத்தைக் கொண்டுவந்து அதில் நிரப்பினால் சீனு காணாமல் போகிறான்.

இன்னொன்றும் உண்டு. அது தாலாட்டு. தாலாட்டில் குழந்தையின் பெருமை வரும், மாமன் சீர் வரும், அடித்தது யார் என்ற விசாரணை வரும். பாடுகிறவர் தனக்காகக் கெஞ்சுவது அபூர்வம். தூங்கவும் வைக்க வேண்டும், தன்னை மறக்கவும் கூடாது என்றால் எப்படி? ஏசுதாஸின் குரலில் இந்தக் குழப்பம் தெரியாது, அமைதியாகத்தான் போகும். எங்கள் குடியிருப்பில் பொருள் தெரியாமலே இதைப் பாடித் தூங்கவைத்த தாய்மார்கள் உண்டு. குழந்தைகள் தூங்கின, அதில் குறையொன்றுமில்லை.

பாயிண்ட்ஸ்மேன் அண்ணனோடு அடுத்த சண்டை ஒரு நாவலை வைத்து வந்தது. கிளை நூலகத்திலிருந்து ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ எடுத்து வந்திருந்தேன். கணவரின் மின்வாரிய வேலையால் இந்த மலையில் வாழ்ந்து, படகர்களைப் பக்கத்திலிருந்து பார்த்து அவர் எழுதிய நாவல். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியை வைத்து வயதைக் கணக்கிடும் மனிதர்கள், அவர்கள் நிலத்துக்குள் பணம் நுழையும் கதை. மண்ணோடு இருக்கும் ஜோகி, உதகைக்குப் போய்க் காசு தேடும் ரங்கன். சமவெளிக்காரனான எனக்குச் சந்தேகமே இல்லை. ஜோகி நல்லவன், ரங்கன் கெட்டவன். புத்தகத்தை அண்ணனிடம் கொடுத்தேன். ஒரு மாதம் வைத்திருந்தார். நூலகத்துக்கு அபராதம் நான் கட்டினேன்.

“ரங்கனை ஏன் திட்டுகிறீர்கள்?” என்றார் ஒருநாள் திடீரென்று. “நீங்கள் எல்லாம் மலைக்கு வந்து, ஜோகி அழகாக இருக்கிறான், அப்படியே இருக்கட்டும் என்கிறீர்கள். அவன் அப்படியே இருந்தால் ராகியும் சாமையும்தான். நான் எப்படிக் கொடி பிடிக்க வருவேன்? என் பையன் எப்படிக் கணக்குப் படிப்பான்? வண்டி வந்து நின்றால் ஒருவன் ஏறத்தான் செய்வான் சார்.”

“அதற்காக அவன் செய்ததெல்லாம் நியாயமா?”

“நியாயம் என்று யார் சொன்னது? ஏறினான் என்கிறேன்.”

நாவல் எழுதியவரும் ரங்கன் மீது அவ்வளவு கருணை காட்டியதாக எனக்கு நினைவில்லை. ஆனால் இந்தத் தண்டவாளம் 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் உதகைக்கும் வந்தது, ரங்கன்களை ஊரைவிட்டுக் கொண்டுபோகவும் என்னைப் போன்றவர்களை மேலே கொண்டுவரவும்தான். அதில் சம்பளம் வாங்கிக்கொண்டு நான் ஜோகிக்குக் கொடி பிடித்தது கொஞ்சம் வேடிக்கைதான்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் பக்கங்களை உதறிப் பார்ப்பது என் வழக்கம். உள்ளேயிருந்து ஓர் அட்டை டிக்கெட் விழுந்தது. பழைய கெட்டி அட்டை, மூன்றாம் வகுப்பு, கேத்தியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை. அடையாளத்துக்கு வைத்திருக்கிறார். ஓரத்தில் மிஷின் குத்திய தேதியில் வருடம் மட்டும் தெரிந்தது: 71. அவர் ரயில்வேக்கு வருவதற்கு முந்தைய வருடங்களில் ஒன்று. திருப்பிப் பார்த்தேன். டிக்கெட்டில் ஓட்டை போடப்படவில்லை.

மறுநாள் கொடுத்தேன். “அடடா, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் சார்” என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, விளக்குக் கண்ணாடி துடைக்கப் போனார்.