மணிக்கட்டில் வைத்த விரல்

பிரசவ அறைப் பணியின் தொடக்க ஆண்டுகளில், வயிற்றிலுள்ள குழந்தையின் இதயத்துடிப்பையும் தாயின் வலியையும் பதிவுசெய்யும் சி.டி.ஜி. இயந்திரத்தின் தாளில் குழந்தையின் துடிப்பு நிமிடத்துக்கு 110க்கும் 160க்கும் இடையில் ஓடி, அதில் சிறு ஏற்ற இறக்கங்களும் தெரிந்தால், குழந்தை நலமாக இருக்கிறது என்று நம்பிவிடுவேன். அந்தக் கோடு யாருடைய இதயத்திலிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும் என்பதை ஓர் இரவுப் பணிதான் எனக்குக் கற்பித்தது.

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அந்தப் பெண்ணுக்குக் கருப்பை வாய் முழுமையாகத் திறந்து, அவர் முக்கத் தொடங்கியிருந்தார். ஒவ்வொரு வலியின்போதும் துடிப்பு 90 வரை சரிந்து மீண்டதால், வலியைக் கூட்டும் ஆக்சிடோசின் மருந்தின் டிரிப்பை நிறுத்தி, அவரை இடப்பக்கமாகப் படுக்க வைத்து, மருத்துவருக்கும் சொல்லியிருந்தோம். பிறகு கோடு திடீரென்று 130க்கு வந்து நின்றது. அறையில் இருந்த அனைவருக்கும் நிம்மதியாக இருந்தது.

ஆனால் வலி வரும்போதெல்லாம் அந்தக் கோடு மேலே ஏறியது. முக்கும்போது தலையோ தொப்புள்கொடியோ அழுந்துவதால் குழந்தையின் துடிப்பு பெரும்பாலும் குறையும். கூடுவது தாயின் நாடி. நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். விரலுக்கடியில் துடித்ததும் இயந்திரத்தில் ஒலித்ததும் ஒன்றாகவே இருந்தன. குழந்தை கீழே இறங்கியதில், வயிற்றில் கட்டியிருந்த கருவி அதன் இதயத்தைத் தவறவிட்டுத் தாயின் இரத்தக்குழாயைப் பிடித்திருக்கிறது. அதை அடிவயிற்றுக்கு நகர்த்தியபோது 80 என்று கேட்டது. மருத்துவர் உடனே தலையில் உறிஞ்சு கருவியான வேக்குவம் வைத்துக் குழந்தையை எடுத்தார். துவண்டு பிறந்த குழந்தை, முகமூடி வைத்துக் காற்று கொடுத்த பிறகே அழுதது. சில நாட்கள் பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருந்து வீடு திரும்பியது.

விடிந்த பின் அந்தத் தாளை மறுபடி விரித்துப் பார்த்தேன். நிமிடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் நகரும் அந்தத் தாளில் 11 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தாயின் நாடியைக் குழந்தையுடையது என்று நாங்கள் நம்பியிருந்தோம். துடிப்பு சரிந்ததற்கு அவ்வளவு பதறிய நாங்கள், அது சீரானபோது ஏன் என்று கேட்கவில்லை. இயந்திரத்தின் மீது எனக்குக் குறையில்லை. ஆக்சிடோசின் ஓடும் பிரசவத்தில் அது இல்லாமல் முடியாது. இப்போது கருவியைக் கட்டுவதற்கு முன்பே தாயின் நாடியை எண்ணித் தாளின் ஓரத்தில் எழுதுகிறேன். துடிப்பு சட்டென்று மாறினால் மறுபடி எண்ணி, நேரத்துடன் அதன் கீழே எழுதுகிறேன்.