சிகரெட்டை விட்டதும் வயிறு செய்யும் கலாட்டா

"காலையில ஒரு தம் போட்டாத்தான் சார் வயிறு இறங்கும்." புகையை விட நினைத்து ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் இதைக் கேட்காத வாரம் கிடையாது. சாக்குப்போக்கு என்று தள்ளிவிட முடியாது. நிகோடின் குடலின் நரம்புகளைத் தூண்டிவிடுவது உண்மை. வருஷக்கணக்காக அந்தத் தூண்டுதலில் ஓடிய குடல், அது நின்றதும் சில வாரம் மந்தமாகிவிடும். மூன்றாம் நாள் கழிப்பறையில் முக்கி முக்கிப் பார்த்துவிட்டுப் பெட்டிக்கடைக்குப் போய்விடுகிறார்கள். ஆசையைச் சமாளித்தவர்கள்கூட இந்த இடத்தில் விழுகிறார்கள்.

அதனால் குடலுக்கான ஏற்பாட்டை, விடுகிற நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே தொடங்கிவிடச் சொல்கிறோம். ராத்திரி ஒரு டம்ளர் தண்ணீரில் ஒன்று அல்லது இரண்டு டீஸ்பூன் இசப்கோல் உமியைக் கலக்கி, கொழகொழவென்று ஆவதற்குள் குடித்துவிட வேண்டும். மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர். தண்ணீரைக் குறைத்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். "இசப்கோல் எனக்கு ஒத்துக்கலை" என்பவர்களில் பலர் செய்வது இதைத்தான். வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். காலையில் உணவு முடிந்த அரை மணி நேரத்துக்குள் போய் உட்காருங்கள். வயிறு நிரம்பியதும் பெருங்குடல் தானாக அசையும் நேரம் அது. சிகரெட் செய்துவந்த வேலையை இட்லியும் செய்யும், கொஞ்சம் மெதுவாக. மேற்கத்தியக் கழிப்பறை என்றால் காலுக்குக் கீழே ஒரு சின்ன முக்காலி போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது காபி. சிகரெட் புகையில் உள்ள தார்ப் பொருட்கள், கல்லீரல் காஃபீனைச் சிதைக்கும் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கும். புகை நின்றால் சில நாட்களில் அந்த வேகம் இறங்கிவிடும். முன்பு குடித்த அதே நாலு காபி இப்போது படபடப்பு, தூக்கமின்மை, நெஞ்செரிச்சல் எல்லாம் தரும். பலர் இதை நிகோடின் ஏக்கம் என்று நினைத்துவிடுகிறார்கள். காபியைப் பாதியாக்கிப் பாருங்கள். தியோஃபிலின் (ஆஸ்துமாவுக்கு), குளோசபின் (மனநோய்க்கு) போன்ற மருந்து எடுப்பவர்களுக்கும் இதே காரணத்தால் அளவை மாற்ற வேண்டி வரலாம்; விடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

புகையை விட உதவும் நிகோடின் சூயிங்கம்மால் வயிறு எரிகிறது என்றால் தப்பு பெரும்பாலும் மெல்லுவதில் இருக்கும். மிட்டாய் போலச் சவைத்தால் சாறு வயிற்றுக்குள் போய் விக்கல், குமட்டல், எரிச்சல்தான் மிச்சம். நாலைந்து தடவை மெதுவாக மென்று, சுரீரென்றதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். சுரீர் குறைந்ததும் மறுபடி மெல்லலாம். ஒரு கம் அரை மணி நேரம் வரும். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து காபி, எலுமிச்சை ஜூஸ் கூடாது. வாய் புளித்தால் நிகோடின் கன்னத்தின் வழியே உடலுக்குள் இறங்காது. முதல் இரண்டு வாரத்தில் வாய்ப்புண் வந்தால் பயப்பட வேண்டாம். கம் போடாதவர்களுக்கும் அது வரும்.

நெஞ்செரிச்சலுக்கும் குடல்புண்ணுக்கும் சிகரெட் பல வழியில் வேலை செய்கிறது. உணவுக்குழாயின் அடியில் உள்ள தசை வளையத்தைத் தளர்த்தும். அமிலத்தை முறிக்கும் எச்சிலையும், கணையத்திலிருந்து வரும் காரச் சுரப்பையும் குறைக்கும். புண் ஆறுவது தள்ளிப்போகும், ஆறியது திரும்பும். குடல்புண்ணை உண்டாக்கும் எச். பைலோரி கிருமிக்கு மாத்திரை எடுக்கும்போது புகைத்தால் சிகிச்சை தோற்கும் வாய்ப்பும் கூடும். அந்தக் கிருமிக்கான மூச்சுப் பரிசோதனைக்கோ மலப் பரிசோதனைக்கோ முன்பு அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் வகை மாத்திரையை இரண்டு வாரமும், ஆன்டிபயாடிக்கை நாலு வாரமும், மருத்துவர் சொல்லி நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரும்.

ஒரு விநோதம்: குடலை நாள்பட அழற்சியாக்கும் நோய்கள் இரண்டில், கிரோன் நோயைப் புகை மோசமாக்கும், ஆனால் பெருங்குடலைத் தாக்கும் அல்சரேட்டிவ் கொலைடிஸ் உள்ள சிலருக்கு விட்ட பிறகு நோய் கிளம்பும். அதற்காகத் தொடர வேண்டாம், குடல் மருத்துவரைக் கூட வைத்துக்கொண்டு விடுங்கள்.

தாரைப் போலக் கறுத்த மலம், ரத்தம், விழுங்கும்போது அடைப்பு, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவற்றைப் புகை விட்டதன் கணக்கில் எழுதாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றபடி நடுவில் தடுமாறினால் புகையிலையை விட உதவும் அரசின் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.