பிராக்கிதெரபி: பயந்தது ஒன்று, படுத்தியது வேறு

எனக்குப் புராஸ்டேட் புற்றுநோய். அதற்கு உடம்புக்குள்ளேயே கதிர்வீச்சைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பிராக்கிதெரபி என்றதும் வீட்டில் எல்லாருக்கும் வந்த பயம், உடம்புக்குள் கதிர்வீச்சு வைத்துக்கொண்டு பேரப்பிள்ளைகளைத் தூக்கலாமா என்பதுதான். எந்த வகை என்று டாக்டரிடம் முதலில் கேளுங்கள். அயோடின்-125 என்ற கதிர்வீச்சுப் பொருள் அடைத்த, 'விதை' எனப்படும் சின்னக் குச்சிகளைப் புராஸ்டேட்டுக்குள் நிரந்தரமாக விட்டுவிடும் முறையில், வீரியம் பாதியாகவே சுமார் 60 நாள் ஆகும். அதனால் முதல் சில வாரங்கள் குழந்தைகளை மடியில் வைக்க வேண்டாம், கர்ப்பிணிகளிடமிருந்து தள்ளி இருங்கள் என்பார்கள். எனக்குச் செய்தது ஹெச்டிஆர், அதாவது வீரியமான கதிர்வீச்சைக் கொஞ்ச நேரம் மட்டும் கொடுக்கும் முறை. இதில் இரிடியம்-192 என்ற கதிர்வீச்சுப் பொருள் சில நிமிடம் உள்ளே போய்விட்டு மெஷினுக்கே திரும்பிவிடும். உடம்பில் எதுவும் தங்காது. அன்றே பேத்தியைத் தூக்கலாம் என்று டாக்டர் சொன்னபோதுதான் என் மனைவிக்கு மூச்சு வந்தது.

எனக்கு பிஎஸ்ஏ (புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை) 13, க்ளீசன் (புற்றுநோயின் தீவிரத்தைச் சொல்லும் மதிப்பெண்) 3+4. எலும்பில் பரவவில்லை. வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சோடு இதையும் பூஸ்டாக, அதாவது கூடுதல் டோஸாகச் சேர்த்தார்கள்.

முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, கால்களைத் தூக்கிக் கட்டினார்கள். ஆசனவாய் வழியாக ஸ்கேன் கருவி. விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில், துளைகள் உள்ள சதுரத் தட்டு ஒன்றைப் பொருத்தி, அதன் வழியே பதினைந்துக்கு மேற்பட்ட மெல்லிய ஊசிகளைச் செலுத்தினார்கள். வலி தெரியவில்லை.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். சிடி எடுத்து, எந்த ஊசியில் எத்தனை விநாடி என்று கணக்குப் போட்டு முடிக்கும்வரை மணிக்கணக்கில் அப்படியே மல்லாந்து கிடக்க வேண்டும். இடுப்பை அசைத்தால் ஊசி நகர்ந்துவிடும். மரத்துப்போக வைத்த மருந்தின் வேகம் குறையக் குறைய முதுகு கடுத்தது. நர்ஸம்மா முழங்காலுக்கடியில் துணியை மடித்து வைத்ததும் பாதி வலி போயிற்று. வலி மருந்தை, பொறுக்க முடியாமல் போகும்வரை காத்திருக்காமல் முன்பே கேட்டு வாங்குங்கள்.

சிகிச்சை அறையில் நான் மட்டும். பேச மைக் இருந்தது. ஒவ்வொரு ஊசியிலும் ஒரு குழாயை மாட்டினார்கள். முதலில் கதிர்வீச்சு இல்லாத கம்பி போய்ப் பாதை சரியா என்று பார்த்துவிட்டு வரும், பிறகுதான் இரிடியம். மெஷின் சத்தம் கேட்டதே தவிர வேறொன்றும் தெரியவில்லை.

ஊசிகளை எடுத்ததும் பஞ்சு வைத்து வெகுநேரம் அழுத்தினார்கள். சிறுநீர் போக வைத்திருந்த டியூபில் அது லேசாகச் சிவந்து வந்தது, மறுநாள் தெளிந்தது. டியூபை எடுத்த பின் எரிச்சல், ராத்திரி அடிக்கடி எழுந்திருப்பது எல்லாம் சில வாரங்கள் இருந்தன. சிறுநீர் தடையில்லாமல் போகக் கொடுக்கும் டாம்சுலோசின் மாத்திரை நன்றாகக் கேட்டது. புராஸ்டேட் ரொம்பப் பெரிதாக இருந்தாலோ ஏற்கெனவே சிறுநீர் முக்கித்தான் போகிறது என்றாலோ, இந்தத் தொந்தரவு கூடும். அதை முன்கூட்டியே டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பிஎஸ்ஏ மெதுவாகத்தான் இறங்கும். ஓரிரு வருடத்தில் கொஞ்சம் ஏறிவிட்டுத் தானே இறங்குவதும் உண்டு என்று எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தார்கள்.