வராதவர்களுக்காகக் காத்திருந்தது

போர்னியோத் தீவில், மலேசியாவின் சபா மாநிலத்தில், சண்டாக்கான் நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள செப்பிலோக் ஒராங்குட்டான் மறுவாழ்வு மையத்தில், காலை பத்து மணி உணவு வேளைக்காக ஒரு கூட்டத்தோடு நானும் நின்றிருந்தேன். ஒராங்குட்டான் என்ற வாலில்லாக் குரங்கின் தாயற்ற குட்டிகளை வளர்த்து, காட்டில் வாழப் பழக்கி விடும் இடம் அது. ஊழியர் ஒருவர் கூடையைச் சுமந்துவந்து மரத்தை ஒட்டிய மேடையில் வாழைப்பழங்களைப் பரப்பினார். அரை மணி நேரம் கழிந்தும் மேடைக்கு வரும் கயிறுகள் அசையவே இல்லை. கடைசியில் பன்றிவால் குரங்குகள் சில தரைவழியாக வந்து பழங்களை அள்ளிக்கொண்டு போயின. பக்கத்தில் பெரிய கேமராவுடன் நின்றவர், நுழைவுக் கட்டணத்தோடு கேமராவுக்கும் தனியாகக் கட்டியதைச் சொல்லி முணுமுணுத்தார். எனக்கும் ஏமாற்றமாகத்தான் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

அந்த ஊழியர் முகத்தில் மட்டும் வருத்தமே இல்லை. காட்டில் பழங்கள் பழுத்திருக்கின்றன, அதனால் வரவில்லை என்றார். மேடையில் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே உணவை வைப்பதும் திட்டமிட்ட ஏற்பாடுதானாம். சலிப்பூட்டும் சாப்பாடு இங்கே கிடைத்தால்தான் சுவையான அத்தியைத் தேடிக் காட்டுக்குள் போகும் எண்ணம் விலங்குக்கு வரும். நாங்கள் காணத் தவறியதாக நினைத்த காட்சிதான் அவருடைய வேலையின் வெற்றி என்பது புரிந்தபோது, முணுமுணுப்பில் மனத்தளவில் நானும் சேர்ந்துகொண்டதற்குக் கூச்சப்பட்டேன்.

இந்த மையம் 1964-இல் தொடங்கப்பட்டது. சுற்றிலும் ஏறத்தாழ 43 சதுர கிலோமீட்டர் காப்புக்காடு இருக்கிறது. இதற்கும் முன்பே, 1950-களில், அண்டை மாநிலமான சரவாக்கில் பார்பரா ஹாரிசன் என்ற பெண்மணி தாயற்ற குட்டிகளைத் தம் வீட்டிலேயே வைத்து வளர்த்துப் பார்த்தார். ஒரு குட்டியை உயிரோடு காப்பாற்றிவிடலாம். அதை ஒராங்குட்டானாக ஆக்குவதுதான் கடினம். காட்டில் குட்டி ஆறிலிருந்து எட்டு ஆண்டுகள்வரை தாயை ஒட்டியே வாழ்ந்து, எந்தப் பழம் எப்போது பழுக்கும், எந்தக் கிளை தன் எடையைத் தாங்கும், மாலையில் கிளைகளை மடித்து எப்படிப் படுக்கை அமைப்பது என்பதையெல்லாம் பார்த்துப் பார்த்துப் படிக்கிறது. எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டத்துக்காகக் காடு வெட்டப்படும் இடத்திலோ, குட்டியை வளர்ப்புக்கு விற்க நினைப்பவனின் கையிலோ தாய் இறக்கும்போது, அந்தப் படிப்பு முழுவதும் பாதியில் நின்றுபோகிறது. ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே ஈனும் இனத்தில் ஒரு தாயின் சாவு எளிதில் ஈடுகட்டக்கூடிய இழப்பன்று. போர்னியோ ஒராங்குட்டானைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2016-இல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தது.

குட்டிகளின் பயிற்சிக்கூடத்தைப் பார்வையாளர்கள் கண்ணாடிக்குப் பின்னே, குளிரூட்டப்பட்ட அறையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். வெளியே புழுக்கத்தில் குட்டிகள் கயிற்றில் தொங்க, உள்ளே நாங்கள் அடைபட்டிருந்த அந்த ஏற்பாடு எனக்குப் பொருத்தமாகவே பட்டது. ஒரு குட்டி கயிற்றின் பாதிவரை ஏறியது. அங்கே ஒரு கையை விட வேண்டும், ஆனால் மனம் வரவில்லை. நெடுநேரம் அப்படியே தொங்கிவிட்டு வந்த வழியே இறங்கித் தரையில் உட்கார்ந்துகொண்டது. பெரிய குட்டி ஒன்று அதைத் தாண்டிக்கொண்டு ஏறிப்போனதும், இது மறுபடி கயிற்றைப் பற்றியது. எங்கள் அறையில் யாரும் பேசவில்லை.

நுழைவாயிலிலேயே பை, தின்பண்டம், கொசுவிரட்டி எல்லாவற்றையும் பெட்டகத்தில் பூட்டிவிடச் சொல்கிறார்கள். சளி, காசநோய் போன்றவை மனிதரிடமிருந்து ஒராங்குட்டானுக்கு எளிதில் தொற்றக்கூடியவை. முதல் நாள் விமானத்தில் இரண்டு முறை தும்மியிருந்த நான் அன்று முழுக்க முகக்கவசத்தைக் கழற்றவில்லை. குட்டியைத் தூக்கிக் கொஞ்சவும் மடியில் வைத்துப் படம் எடுக்கவும் விடும் இடங்கள், பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும், மறுவாழ்வு மையங்கள் அல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

சாலைக்கு அந்தப் பக்கமே, வோங் சியூ தெ என்ற உயிரியலாளர் 2008-இல் நிறுவிய போர்னியோ சூரியக் கரடிப் பாதுகாப்பு மையம் இருக்கிறது. ஒராங்குட்டானுக்குக் கூடும் கூட்டத்தில் பாதிகூட இங்கே இல்லை. எனக்கு அதிகம் பிடித்ததோ இதுதான். கரடி இனங்களிலேயே மிகச் சிறியது சூரியக் கரடி. மார்பில் மஞ்சள் நிறப் பிறை, மரப்பட்டையைப் பிளக்கும் நீண்ட நகங்கள், கறையானையும் கொசுத்தேனீயின் தேனையும் பொந்துக்குள் துழாவியெடுக்க 20 சென்டிமீட்டருக்கும் மேல் நீளும் நாக்கு. உயரமான நடைமேடையில் நின்று பார்க்கும்போது, கீழே ஒரு கரடி மட்கிய மரக்கட்டையை மிகப் பொறுமையாகக் கிழித்துக்கொண்டிருந்தது. பல ஆண்டுகள் சிறு கூண்டில் வளர்ப்பு விலங்காகக் கிடந்தவையும் இங்கே வந்து சேர்கின்றன. காட்டுப்பக்கக் கதவைத் திறந்துவிட்டாலும் அவற்றில் சில மண்ணில் கால்வைக்க நாட்கணக்கில் தயங்குமாம். கம்பித் தரையே அவை அறிந்த தரை. கதவைத் தாண்டிச் சிறிது தூரத்தில் உணவை வைத்துவிட்டு ஊழியர்கள் காத்திருக்கிறார்கள். தள்ளி வெளியேற்றுவதில்லை.

மறுநாள் பிற்பகல் மூன்று மணி வேளையில், வயிற்றில் குட்டி ஒட்டியிருக்க ஒரு தாய் கயிற்றுவழியே வந்தது. இரண்டு பழங்களை வாயிலும் ஒன்றைக் காலிலும் பற்றிக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பாமலே போய்விட்டது. மொத்தமும் ஐந்து நிமிடம் இருந்திருக்கலாம்.

அன்று மாலை அருகிலுள்ள மழைக்காட்டு அறிவியல் மையத்தின் மரவுச்சி நடைபாதையில் நடந்தபோது, வழிகாட்டி ஒரு மரக்கவட்டைச் சுட்டினார். மடித்துச் செருகிய கிளைகளாலான படுக்கை. இலைகள் எல்லாம் பழுப்பேறியிருந்தன. அப்படியானால் சில வாரங்களுக்கு முந்தையது என்றார். காட்டிலேயே பிறந்தது கட்டியதா, கயிற்றில் ஏறப் பழகி வெளியே போனது கட்டியதா என்று கேட்டேன். இலைகளைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது என்றார்.