மலையேற்றக் குழுவில் சேர்வதற்கு முன்

போடிநாயக்கனூரில் பிறந்து, கேரள எல்லை மலைகளை அன்றாடம் பார்த்து வளர்ந்த நான், இவ்வாண்டு ஒரு மலையேற்றக் குழுவில் உறுப்பினராகச் சேர்ந்திருக்கிறேன். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை எங்கள் ஊரார் இன்றும் மனம் கனத்தே பேசுவார்கள். ஆகவே, செல்லும் பாதைக்கு வனத்துறை அனுமதி எழுத்தில் உண்டா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், முதலுதவிப் பயிற்சி பெற்றவர் யார், கோடையில் புல் காய்ந்து தீ அபாயம் எழுந்தால் பயணத்தைக் கைவிடுவார்களா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கட்டணத்தைப் பற்றிப் பேசினேன். 2,640 மீட்டர் உயரமுள்ள மீசைப்புலிமலைக்குக் கேரள வன மேம்பாட்டுக் கழகத்தின் அனுமதி வேண்டும் என்பதையும் அவர்களே எடுத்துச் சொன்னார்கள். சிறு குன்றொன்றில் என் நடையைப் பார்த்த பின்னரே சேர்த்துக்கொண்டார்கள்; அந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.